தலையாட்டியின் மூளைப் படம்

மதிப்பும் மரியாதையும் குறையாத மச்சான் அவர்களுக்கு,

நலம். தங்கள் நலமும் அப்படியே என்று நம்பி, தங்கள் தங்கை சமையலறையில் இருக்கும் நேரமாகப் பார்த்து எழுதிக்கொள்வது.

எனக்கு மறதி வந்துவிட்டது என்று போனில் உங்களிடம் புலம்பினாளே, அந்த விஷயம் தீர்ந்தது. காய்கறி வாங்கப் போனவன் முடி வெட்டிக்கொண்டு திரும்பினேன், உண்மைதான். அதற்காக, மறதி நோயை ஆராயும் மருத்துவமனைக்கு என்னைத் தரதரவென்று இழுத்துப்போனாள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல மூளையும் வேண்டும் என்றார்கள். "என்னுதை எடுத்துக்குங்க" என்று அவளே முன்வந்தாள். யாருடையது நல்ல மூளை என்பதை அங்கேயும் அவளே முடிவு செய்துவிட்டாள்.

மச்சான், அங்கே கண்டதை என்னவென்று சொல்வேன்! ஒரு கம்ப்யூட்டருக்கு ஆயிரக்கணக்கானோரின் மூளைப் படங்களைக் காட்டிக் காட்டிப் பழக்கியிருக்கிறார்கள். இவர் நோய் வந்தவர், இவர் வராதவர் என்று மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார்களாம். எங்கே பார்க்க வேண்டும் என்பதை அதுவாகவே கண்டுபிடித்துக்கொண்டதாம். அங்கிருக்கும் டாக்டரம்மாவின் கண்ணுக்கே படாத மூளைத் தேய்மானம்கூட, ஆள் தடுமாறத் தொடங்கும் முன்பே, சில சமயம் அதற்குத் தெரிந்துவிடுகிறதாம். எனக்குப் புல்லரித்துவிட்டது.

முதலில் நான். குழாய் மாதிரி ஒரு இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, தலைக்கு ஒரு கூண்டு மாட்டி, "அசையக் கூடாது, புரியுதா சார்?" என்று ஒலிபெருக்கியில் கேட்டாள் ஸ்கேன் எடுக்கும் பெண். தலையாட்டினேன். "ஆட்டாதீங்க சார்!" என்றாள். சரியென்று ஆட்டினேன். அலுவலகத்தில் எத்தனையோ மேலதிகாரிகளுக்கு ஆட்டிய தலை; வீட்டில் யாருக்கு ஆட்டுகிறது என்பது உங்களுக்கே தெரியும். படம் கலங்கிப்போய், அந்தக் கலங்கலைத் தேய்மானம் என்று நினைத்த கம்ப்யூட்டர் என்னை நோயாளிகளோடு சேர்த்துவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உங்கள் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கேன்ல, உங்களுக்கும் சேர்த்து எல்லாத்தையும் நானே ஞாபகம் வச்சுக்கறேன்" என்றாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "மெஷினும் இன்னும் படிக்க வேண்டியிருக்கு. இப்படித் தலையாட்டற ஆளை அது பார்த்ததே இல்ல." மறுபடி எடுத்தபோது உங்கள் தங்கையே ஒலிபெருக்கியில், "ஆட்டினீங்க, தெரியும் சேதி!" என்றாள். மூச்சைக்கூட அளந்துதான் விட்டேன். வயதுக்கேற்ற மூளை, பயமில்லை என்றார்கள். அதைத் திரையில் பார்த்தேன் மச்சான். அவள் என்னை முதன்முதலில் திட்டிய திட்டு இந்த மடிப்புகளுக்குள் எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

பிறகு அவள் முறை. சிலையாகப் படுத்திருந்தாள். முடிந்ததும் வெளியே போகும் வழியை அந்தப் பெண்ணிடம் மூன்று தடவை கேட்டாள். எதையும் உறுதி செய்துகொள்வது அவள் பழக்கம்தானே.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும் தலைக்கு ஒன்று குறையாமல் பங்கிட்டுக் கொடுக்கவும்.

இப்படிக்கு,
சான்று பெற்ற மூளையுடன்,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். உங்கள் தங்கையின் படத்தையும் கம்ப்யூட்டர் நோயாளிகளோடுதான் சேர்த்திருக்கிறது. "இது ஆராய்ச்சிதான், முடிவு இல்ல. முறையா எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துடலாம்" என்றார். "அவளும் தலையை ஆட்டியிருப்பா டாக்டர், மறுபடி எடுங்க" என்று கெஞ்சினேன். "இல்ல சார். அவங்க அசையவே இல்ல" என்றார். பக்கத்திலேயே இருக்கும் எனக்குத் தெரியாதது அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்கிறது. முதல் தடவையாக எனக்குத் தலையாட்ட வரவில்லை. சீக்கிரம் வாங்க மச்சான்.