சிலிபினா, பீடோரா?

நான் ஒரு பெண்ணை இழந்தது சண்டை போட்டு அல்ல. எனக்காகச் சண்டை போட ஒரு மென்பொருளை எழுதினேன். அது ஜெயித்துவிட்டது.

அப்போது மலேசியாவில், ஈப்போவில் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஆளுக்குப் பதிலாகப் பேசும் நிரல்கள், அதாவது இரண்டு மென்பொருள் முகவர்கள், தங்களுக்குள் வாதாட வேண்டும். ஒன்று காரணம் சொல்லும், மற்றது மறுக்கும். மறுக்க முடியாமல் எது நிற்கிறதோ அதுவே தீர்ப்பு. தகவல்களையும் விதிகளையும் நாம்தான் எழுதித்தர வேண்டும். எழுதித்தராததை மென்பொருள் பொய் என்றே எடுத்துக்கொள்ளும். (இதை அடுத்தவர்களுக்கு நானே எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன்.)

எனக்கும் பீடோரில் ஆசிரியையாக இருந்த கவிதாவுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு என் வீடு இருக்கும் சிலிபினில் குடியிருப்பதா, பீடோரிலா என்று இழுபறி. அவளுக்கொன்று, எனக்கொன்று என்று முகவர்களையே வாதாடவிட்டுக் கேட்டுவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு கவிதா வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் வேலையாட்களைக் கண்காணிக்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற அவள் அப்பா, மரியாதையாகத் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்.

பள்ளி பீடோரில் இருக்கிறது என்றது அவள் முகவர். மாற்றல் வாங்கலாம் என்றது என்னுடையது. அவன் அவளை நேசிக்கிறான், ஆகவே அவனே இடம் மாறுவான் என்றது அவளுடையது. உடனே திரையில் பதில் வந்தது: 'நேசிக்கிறான் என்பதற்கு ஆதாரம் இல்லை. வாதம் தள்ளுபடி. முடிவு: சிலிபின்.'

நான் கைதட்டினேன். மாதக்கணக்கில் மக்கர் செய்த நிரல், முதல் தடவையாகப் பிழையில்லாமல் ஓடியிருந்தது.

வேறு யாரும் கைதட்டவில்லை. வீட்டில் எத்தனை அறை என்பதுவரை எழுதிய நான், அதை மட்டும் எழுத மறந்திருந்தேன். இல்லை என்று அர்த்தமில்லை, நிரூபிக்க முடியவில்லை என்றுதான் அர்த்தம் என்று விளக்கினேன். அவள் அப்பா செருமினார்.

"ஒரு வரிதானே. இப்ப சேர்த்துடுங்கலா," என்றாள் கவிதா, மெதுவாக.

அந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும். "முடிவு தெரிஞ்ச பிறகு தகவல மாத்தக்கூடாது கவிதா. ஆராய்ச்சி செல்லாம போயிடும்," என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் அப்பா தொலைக்காட்சியை மறுபடி போட்டுவிட்டு, "தம்பி, மழ வர்ற மாரி இருக்கு. கிளம்புங்க," என்றார். வெளியே வெயில் கொளுத்தியது.

அன்று சாயங்காலமே அந்த வரியைச் சேர்த்தேன். முடிவு பீடோர் என்று மாறியது. சொல்வதற்காக மூன்று தடவை போனேன், கதவு திறக்கவில்லை. அடுத்த வாரம் மோதிரம் திரும்பி வந்தது.

எனக்குப் பட்டம் கிடைத்தது. கவிதாவுக்கு வேறொருவரோடு கல்யாணமாகி, மாற்றலும் வாங்கி, இப்போது எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். சொந்தக்காரர்கள் கூடும்போதெல்லாம் என் அக்காள் கணவர் தவறாமல் சொல்வார்: "மச்சான் புரோகிராம யாரும் குறை சொல்லாதீங்கலா. பொண்ணு சிலிபினுக்கு வரும்னு சொன்னுச்சு, வந்துருச்சு."