புகைக்குக் குழாய் வைத்த பாவா

எதையும் வீணாக்காத மனிதர்கள் திருத்தணியில் நிறைய உண்டு. புகையைக்கூட வீணாக்காத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் பொகை பாவா. எழுபதுகளில் எங்கள் தெருவில் ஒரு பழைய பெட்ரோல் டாக்ஸி வைத்து ஓட்டினார். பாவா என்றால் எங்கள் பக்கம் அக்கா புருஷன். எங்கள் தெருவில் யாருடைய அக்காவையும் அவர் கட்டவில்லை, ஆனாலும் தெருவுக்கே பாவா. சொந்தப் பெயர் என்னவென்று அவர் மனைவியைக் கேட்டாலும் வெட்கப்பட்டுச் சிரிப்பார், சொல்ல மாட்டார்.

போன மாதம் எங்கள் சின்னக் கார் இருமிக்கொண்டே நின்றுபோனது. ஈஜிஆர் வால்வில் கரி அடைத்திருக்கிறது என்றார் மெக்கானிக். அது என்ன என்று கேட்டேன். வெளியே போகிற புகையில் கொஞ்சத்தைப் பிடித்துத் திரும்பவும் எஞ்சினுக்கே அனுப்புகிற கதவு என்றார். நான் சிரித்த சிரிப்பில் அவர் பயந்துபோனார். இதைத்தான் எங்கள் பாவா ஒரு தண்ணீர்க் குழாயை வைத்துச் செய்து முடித்திருந்தார்.

அவர் சித்தாந்தம் சுலபமானது. "எஞ்சின் அவசரக்காரன். பாதி துன்னுட்டு பாதிய எலையில வுட்டுட்டு எழுந்துக்கறான். அந்தப் பொகையில இன்னும் சத்து கீது" என்பார். அந்தச் சத்தை மறுபடியும் ஊட்டுவதற்காக, புகைபோக்கியில் ஓட்டை போட்டு, அங்கிருந்து கார்புரேட்டர் அடிவரைக்கும் ஒரு இரும்புக் குழலை முறுக்கிச் செருகினார். நடுவில் திறந்து மூட ஒரு பித்தளைத் தண்ணீர்க் குழாய், அதைத் தானே மூடிக்கொள்ள வைக்க ஒரு ஸ்பிரிங். குழாயின் பிடியில் கட்டிய நூல்கயிறு டிரைவர் சீட்டுக்கு வரும். கயிற்றை இழுத்து, சீட்டுக்கு முன்னால் பற்றவைத்த கொக்கியில் மாட்டினால் குழாய் திறக்கும், விட்டால் மூடும். சமதரையில் திறக்கலாம், மேட்டில் மூடியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். சத்து விஷயம் சுத்தப் பொய் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். ஆனால் எஞ்சினின் சூடும் தட்டலும் குறைந்தது உண்மை. பாவா பாதி சரி, பாதி தப்பு. முழுத் தப்பாக இருந்தவர்களே எங்கள் ஊரில் கவுன்சிலராக இருந்தார்கள்.

வெற்றி தலைக்கேறியதும் வீட்டு அடுப்பிலும் கை வைத்தார். சமையலறைப் புகையைத் தகரக் குழாயில் பிடித்து அடுப்புக்கே திருப்பிவிட்டார். குடும்பம் மொத்தமும் கண்ணைக் கசக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தது. அன்று சாயங்காலமே தகரம் குப்பைக்குப் போனது. அதற்கும் அவர் அசரவில்லை. மறுநாள் பேருந்து நிலையத்தில் பள்ளிப்பட்டு பஸ்ஸின் பின்னால் நின்று முகர்ந்து பார்த்து, வண்டிக்கு அஜீரணம் என்று டிரைவரிடம் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இனி என் கல்யாணக் கதை. நலங்கெல்லாம் பொதட்டூர்பேட்டையில் பெரியப்பா வீட்டில், முகூர்த்தம் திருத்தணி மலைமேல். கல்யாணப் பெண்ணான என்னை அழைத்துவரப் பாவாவின் டாக்ஸி, மாலையும் எலுமிச்சம்பழமும் கட்டிக்கொண்டு வந்து நின்றது. முகூர்த்த நாளில் மலைமேல் கல்யாணங்கள் வரிசையில் நிற்கும். நேரம் தவறினால் மணையில் அடுத்த ஜோடி உட்கார்ந்துவிடும். அப்படி ஆனால் வேறு நாள் பார்க்கலாம் என்று மாப்பிள்ளையின் மாமா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அந்த வேறு நாள் வரவே வராது என்பது நைனாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

நைனா, அதாவது என் அப்பா, தறிக்காரர். தறிக்காரர் கண் முன்னால் ஒரு இழை தொங்கக் கூடாது. கை தானாகப் போய் முடிந்துவிடும். முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவரின் முழங்காலுக்கு நேராக, கொக்கியில் மாட்டியது போக மிஞ்சிய பாவாவின் கயிற்று நுனி வழியெல்லாம் ஆடிக்கொண்டே வந்தது. அவர் என் கல்யாணக் கவலையிலேயே அதை எடுத்துக் கொக்கியில் நாலு சுற்றுச் சுற்றி, தறி முடிச்சாகப் போட்டுவிட்டார். யாரும் கவனிக்கவில்லை.

மலைப்பாதை ஏறியதும் பாவா கயிற்றை விடக் கையை நீட்டினார். கயிறு வரவில்லை. வண்டி விக்கியது, குலுங்கியது, பாதி மலையில் நின்றேவிட்டது. மேலே வேறு யாருடைய கல்யாணத்துக்கோ மேளம் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. நைனா நகத்தால் பார்த்தார், பல்லால் பார்த்தார். தறி முடிச்சு பிரிப்பதற்காகப் போடுவதில்லை. பாவா சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்தார்.

நைனா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அறுக்காத பாவா. பொண்ணு கழுத்துல முடிச்சு ஏறப்போற நேரம்."

சாஸ்திரம் என்று யார் சொன்னாலும் சண்டைக்குப் போகிறவர் பாவா. இங்கேயும் ஒரு பிரசங்கம் நடக்கும், முகூர்த்தம் போய்விடும் என்றே நினைத்தேன். அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிளேடைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப்போய் பானெட்டைத் திறந்தார்.

ஸ்பேனர் தேட நேரமில்லை. கொதிக்கிற குழலைத் துண்டால் பிடித்து முறுக்கினார். துண்டு கருகியது, அவர் விடவில்லை. அத்தனை வருஷம் ஊரெல்லாம் பெருமை பேசிய குழலைக் குழாயோடு பிடுங்கி ஓரமாகத் தொங்கவிட்டார். கார்புரேட்டர் பக்கத்து ஓட்டைக்கு மாலையிலிருந்த எலுமிச்சம்பழம் ஒன்றை வைத்து அடைத்தார். "அறுக்கல நைனா, புடுங்கிட்டேன். புடுங்கக் கூடாதுன்னு எந்த சாஸ்திரத்துலயும் இல்ல" என்று வண்டியைக் கிளப்பினார். புகைபோக்கியில் திறந்துகிடந்த ஓட்டை வழியே எஞ்சின் போட்ட சத்தத்தில், லாரி வருகிறதென்று மலைமேல் ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மணையில் உட்கார அடுத்த ஜோடி எழுந்துகொண்டிருந்தபோது நான் போய் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று முடிச்சும் விழுந்தபின் எல்லோரும் வரிசையாக வந்து அட்சதை போட்டார்கள். பாவா கடைசியில் வந்தார். வலது உள்ளங்கை முழுக்கத் தோல் கழன்றிருந்தது. மஞ்சளும் அரிசியும் பட்டால் எரியும், இடது கையால் போடுங்கள், பரவாயில்லை என்றேன்.

"கல்யாணப் பொண்ணுக்கு யாருனா பீச்சாங்கையால போடுவாங்களா?" என்று கேட்டுவிட்டு, வெந்த கையாலேயே அள்ளி என் தலையில் போட்டார். எத்தனையோ பேர் வாழ்த்திய தலை இது. எனக்கு அந்த ஒரு பிடிதான் பெரிது.