மதுக்கடை வாசலில் நான் விழுந்த காரணம்

கிணத்துக்கடவு,
ஆடி 24.

மரியாதைக்குரிய கோபிசெட்டிபாளையம் பாலகோபால் அவர்களுக்கு, கிணத்துக்கடவு செங்கோடன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. சம்பந்தி என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த உரிமை இன்னும் எனக்கு இருக்கிறதா என்று தெரியாததால் பெயரோடு நிறுத்திக்கொண்டேன். தாங்களும் தங்கை தெய்வாத்தாளும் தங்கள் மகன் தம்பி கிருபாசங்கரும் நலமாக இருக்க வேண்டும். ஆடிக் காற்றில் தங்கள் வாழைத்தோட்டம் சாயாமல் நிற்க வேண்டும். இங்கே நானும் ராசாத்தாளும் எங்கள் பெண் சண்முகப்பிரியாவும் நலம். மூவரில் இருவர் முழு நலம், நான் முக்கால் நலம். அந்தக் கால் பங்கைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பத்தொன்பது நாட்களாகத் தங்கள் கைபேசி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. தங்கையின் எண்ணும் அப்படித்தான். நிச்சயம் முடியும்வரை பிள்ளைகள் இருவரும் போனில் பேசிக்கொள்ள வேண்டாம் என்று நானே சொல்லியிருந்தபடியால், பெண்ணிடம் விசாரிக்கவும் வழியில்லை. முப்பத்தெட்டு வருடம் தபால் துறையில் இருந்தவன் நான். பதில் வராவிட்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அந்த இருபத்தாறு வினாடி வீடியோ தங்கள் பார்வைக்கும் வந்துவிட்டது. 'மதுக்கடையை மூடச் சொல்லி வந்தவர் உள்ளே நுழையத் துடிக்கும் காட்சி' என்று யாரோ தலைப்பு வைத்து அனுப்பியது. அதில் வெள்ளை வேட்டியோடு வரிசைக்குள் பாய்கிறவன் நான்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் குடிக்கவில்லை. கள்ளும் சாராயமும் இந்த அறுபத்து நான்கு வயதுவரை என் உதட்டில் பட்டதில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நாலு வருடத்துக்கு முன்னால் பணி ஓய்வு பெற்றதும் காலை நடைக்குப் போகும் நண்பர்களோடு சேர்ந்து இயற்கை உணவுக்கு மாறினேன். மாறினேன் என்றால் சாதாரணமாக இல்லை. கறி, மீன், முட்டையை விட்டேன். அது போதாதென்று பால், தயிர், மோர், நெய் எல்லாவற்றையும் விட்டேன். பால் கன்றுக்குட்டிக்கு உரியது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பேசினேன். ஆறே மாதத்தில் என்னை இயற்கை உணவுச் சங்கச் செயலாளராக ஆக்கிவிட்டார்கள். வைகாசியில் தாங்கள் பெண் பார்க்க வந்தபோது காப்பிக்குப் பதில் ஆவாரம்பூக் கஷாயமும், பஜ்ஜிக்குப் பதில் முளைகட்டிய பச்சைப்பயறும் வைத்தது அதனால்தான். தாங்கள் முகம் சுளிக்காமல் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. தங்கை மட்டும் பயற்றை முந்தானையில் கட்டிக்கொண்டு போனார்கள் என்று பிற்பாடு ராசாத்தாள் சொன்னாள்.

போன மார்கழியிலிருந்து என் காலில் எறும்பு ஊர ஆரம்பித்தது. படுக்கையில் எறும்பு என்று நினைத்து மெத்தையை வெயிலில் போடச் சொன்னேன். போட்டாள். எறும்புப் பொடி தூவச் சொன்னேன். தூவினாள். அப்புறமும் ஊர்ந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஊர்ந்தது, பஸ்ஸில் போனாலும் ஊர்ந்தது. "ஏனுங்க, ஒரு எறும்பையாவது கண்ணுல காட்டுங்க, நான் நம்பறேன்" என்றாள் ராசாத்தாள். காட்ட முடியவில்லை. கொஞ்ச நாளில் எறும்பு போய்ப் பாதம் பஞ்சு போல ஆனது. ஒரு நாள் கடைவீதிக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பினேன். மற்றொன்று எங்கே கழன்றது என்று தெரியாது, கழன்றதே தெரியாது. சண்முகப்பிரியா என் காலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா, நீங்க எங்கீங்க போய்ட்டு வாரீங்க?" என்று கேட்ட குரலில் இருந்த சந்தேகம் எனக்கு அப்போது புரியவில்லை.

அடுத்தது விழுகிற படலம். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் குளியலறைச் சுவர் என்னை நோக்கி வரும். மலைக்கோயிலில் தீபாராதனை காட்டும்போது கண்ணை மூடிக் கும்பிட்டேன். திறந்து பார்த்தால் முன்னால் நின்ற ஒரு அம்மாளின் அர்ச்சனைத் தட்டின்மேல் கிடக்கிறேன். தேங்காய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அந்த அம்மாள் என் வாயருகே குனிந்து முகர்ந்துவிட்டு விலகிப் போனார்கள். உடம்பில் சத்து இல்லை போலிருக்கிறது என்று நானே முடிவு செய்து, நடை நண்பர்கள் ஆளுக்கொன்றாகச் சொன்ன மாத்திரைகளை வாங்கி அலமாரியில் அடுக்கினேன். சுண்ணாம்புச் சத்து, துத்தநாகம், வைட்டமின் டி, மீன் எண்ணெய் வேண்டாமென்று ஆளிவிதை எண்ணெய், ஒருவர் இரத்தசோகை என்றதால் இரும்பு. இரும்பு மாத்திரை வயிற்றை என்ன செய்யும் என்பதைச் சம்பந்திக்கு எழுதுவது மரியாதை ஆகாது. அதோடு காலையும் மாலையும் ஒரு சொம்பு பீட்ரூட் சாறு. மூன்றாம் நாள் சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்து, சிறுநீரகம் முடிந்தது என்று உயில் எழுதக் காகிதம் கேட்டேன். பீட்ரூட் குடித்தால் அப்படித்தான் போகும் என்று எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் சொல்லி அடங்கினேன். பாலை எதிர்த்துப் பேசிய எனக்கு அவர் கையால் அந்தத் தெளிவு கிடைத்ததில் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்போது வீடியோவுக்கு வருகிறேன். ஊருக்கு வெளியே, பெண்கள் பஸ் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மதுக்கடையை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி ஆனி கடைசியில் நாற்பது பேர் கூடினோம். கோஷம் போட்டால் தகராறு வரும், கடை வாசலில் நின்று இரண்டு நிமிடம் மௌனமாகக் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்வோம் என்று யோசனை சொன்னது நான். முன் வரிசையில் நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் நான். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, கடையின் இரும்புக் கிராதியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மது வாங்க வரிசையில் நின்றவர்களில் மூன்று பேர்மேல் சாய்ந்து கிடக்கிறேன் என்பதுதான். அவர்கள் என்னைக் கோபிக்கவே இல்லை. ஒருவர் என் வேட்டியைச் சரி செய்துவிட்டு, "பொறுங்கண்ணா, அவசரமே இல்லீங்க, எல்லார்த்துக்கும் இருக்குது" என்றார். இன்னொருவர் தனக்கு முன்னால் எனக்கு இடம் விட்டார். இதைத்தான் எதிர்ப் பக்கத்திலிருந்து எவனோ படம் பிடித்திருக்கிறான்.

அன்று மாலைக்குள் ஊரே பார்த்துவிட்டது. நடை நண்பர்கள் மறுநாள் வேறு பாதையில் நடந்தார்கள். சங்கத்திலிருந்து செயலாளர் பதவிக்கு வேறு ஆளைப் போட்டார்கள். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. சாப்பாடு போடும் சாக்கில் ராசாத்தாள் என் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து மெதுவாக மூச்சை இழுத்தாள். முப்பத்தொரு வருடம் குடித்தனம் செய்தவள். நான் கவனிக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். நான் சோற்றைப் பார்த்தபடியே இருந்தேன். அன்றைக்குப் பயற்றை அப்படியே தட்டில் விட்டு எழுந்துவிட்டேன். பெண்ணின் கல்யாணம் என்னால் நின்றுபோனால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்று அப்போதுதான் பயம் வந்தது.

என்னைக் காப்பாற்றியது தாங்கள் எதிர்பார்க்க முடியாத ஆள். தேங்காய்க் களத்தில் வேலை பார்க்கும் நாச்சிமுத்து, அந்த மதுக்கடையின் நிரந்தர வாடிக்கையாளர், நான் யார்மேல் விழுந்தேனோ அந்த மூன்று பேரில் ஒருவர். இரண்டு நாள் கழித்துக் காலை எட்டு மணிக்கு, தெளிவாக, தலை சீவி, வீட்டு வாசலுக்கு வந்து ராசாத்தாளைக் கூப்பிட்டார்.

"அம்மணி, தப்பா நெனைக்காதீங்க. நானும் பதினெட்டு வருஷமா உளுந்துட்டு இருக்கறவனுங்க. எனக்கு அதுல அனுபவம் இருக்குதுங்க. அய்யன் உளுந்தது குடிச்சு உளுகற உளுகை இல்லீங்க."

"எப்படீங்க சொல்றீங்க?" என்றாள் ராசாத்தாள்.

"குடிச்சவன் கண்ணத் தொறந்துட்டே உளுவானுங்க. அய்யன் கண்ண மூடுனாத்தான் உளுகறாருங்க. கோயல்லயும் பார்த்தேன், கடையிலயும் பார்த்தேன். வாசமும் இல்லீங்க. அவருக்கு நரம்புல என்னமோ நெம்பப் பெருசாக் கோளாறுங்க. நல்ல டாக்டராப் பார்த்துக் கூட்டிட்டுப் போயிருங்க." சொல்லிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போய்விட்டார்.

ராசாத்தாள் அலமாரியில் இருந்த பாட்டில்களையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பொள்ளாச்சியில் டாக்டர் அஃப்ஷீன் அம்மாவிடம் இழுத்துப் போனாள். சின்ன வயசு, நிதானமான பேச்சு. பாதங்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடுங்கள் என்றார். மூடினேன். நர்ஸ் அம்மா பிடித்திருக்காவிட்டால் எடை பார்க்கும் மிஷின் போயிருக்கும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். சர்க்கரைக்குப் பன்னிரண்டு வருடமாக விழுங்கும் மாத்திரையையும் சொன்னேன். மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துப் பார்த்து மேஜையில் வரிசையாக வைத்தார்.

"எல்லாரும் வந்திருக்காங்க ஐயா. வர வேண்டியவர் மட்டும் வரலைங்க" என்றார்.

இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பி பன்னிரண்டு என்று ஒரு வைட்டமின் எனக்கு மிகவும் குறைவு. நரம்புக்கு உறை மாதிரி இருக்கும் ஒன்றை அதுதான் காக்கிறதாம். அது குறைந்தால் கால் மரத்துப்போகும், எறும்பு ஊரும், பாதம் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் செய்தி போகாது. கண் திறந்திருக்கும்வரை கண் சமாளித்துக்கொள்ளும். மூடினால் ஆள் விழுவான். பாலிலும் தயிரிலும் முட்டையிலும் கறியிலும் இருக்கிறது, செடி கொடியில் கிடையாது. உடம்பு ஈரலில் சேர்த்து வைத்ததைக் கொண்டு சில வருடம் ஓட்டும், அதனால்தான் மூன்று வருடத்துக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. சர்க்கரை மாத்திரையும் சிலருக்கு அதைக் குறைக்குமாம். அதை நிறுத்தக் கூடாது, ஆனால் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

"முளைகட்டினாலும் அதுல வராதுங்களா?" என்று கடைசியாக ஒரு நம்பிக்கையில் கேட்டேன்.

"எத்தனை நீளம் முளைச்சாலும் வராதுங்க ஐயா."

ராசாத்தாள் அங்கேயே அழுதாள். நோய்க்காக அழுகிறாள் என்று டாக்டரம்மா தேற்றினார். என்னை முகர்ந்து பார்த்ததற்காக அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். இன்னும் தாமதமாக வந்திருந்தால் நரம்பு பழைய நிலைக்கு முழுக்கத் திரும்பியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னபோது நானும் கொஞ்சம் கண்ணைத் துடைத்தேன், திறந்தபடியே.

ஊசி போட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள், இப்போது வாரம் ஒன்று. எறும்பு குறைந்துவிட்டது. செருப்பு காலில் இருப்பது தெரிகிறது. நேற்று கண்ணை மூடி இருபதுவரை எண்ணினேன், நின்றேன். காலையில் ஒரு டம்ளர் பால் குடிக்கிறேன். பால்காரர் ஊற்றும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை, நல்ல மனிதர். நாச்சிமுத்துவை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டோம். டாக்டரம்மாவிடம் அவரையும் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்று ராசாத்தாள் நச்சரிக்கிறாள், அவர் யோசிக்கிறேன் என்றிருக்கிறார். பரிசோதனை முடிவின் நகலையும், மருந்துச் சீட்டின் நகலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். ஆவணி முதல் முகூர்த்தத்தில் நிச்சயம் வைப்பதா இல்லையா என்பது தங்கள் முடிவு. என் பெண்ணுக்கு இந்த வைட்டமின் போதுமான அளவு இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டோம். தகப்பன் விழுந்ததற்கு அவளைத் தண்டிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கைக்கு என் வணக்கத்தையும், தம்பிக்கு ஆசியையும் சொல்லவும். தங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் காலில் தெம்பும் கண்ணில் தெளிவும் குறையாதிருக்க மலைமேல் முருகன் அருள் செய்யட்டும்.

இப்படிக்கு,
எப்போதும் மரியாதையுள்ள,
செங்கோடன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் தங்கை தெய்வாத்தாள் போன் செய்தார்கள். "ஏனுங்கண்ணா, நல்லா இருக்கீங்களா? நாங்க காசியிலிருந்து இப்பத்தானுங்க ஊட்டுக்கு வந்தோம். தொலைஞ்சுபோகும்னு போனையெல்லாம் இங்கயே வெச்சுப்போட்டுப் போனோமுங்க. ஆவணி மொத முகூர்த்தத்துக்கு வந்தறோம்" என்றார்கள். காசிக்குப் போவதாக எனக்குத் தெரியாதே என்றேன். "கெளம்பற அன்னைக்கு இவரு உங்களுக்குத்தானுங்களே போன் பண்ணிச் சொன்னாரு. நல்லபடியாப் போய்ட்டு வாங்க, எனக்கும் ஒரு சொம்பு கங்கைத் தண்ணி கொண்டாங்கன்னு சொன்னீங்களே" என்றார்கள். வீடியோ என்றால் என்ன வீடியோ என்று கேட்கிறார்கள். இந்தச் சத்துக் குறைந்தால் ஞாபகமும் போகும் என்று டாக்டரம்மா சொன்னதை நான் மேலே எழுத மறந்துவிட்டேன். காசி என்றதும் சண்முகப்பிரியா கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அவள் என் கையிலிருந்து பிடுங்கிப் படித்துவிட்டு, "இது போகட்டுங்கப்பா, யாரோ சொல்லித் தெரியறதுக்கு நீங்களே சொன்னதா இருக்கட்டும்" என்று சொல்லி, தானே தபாலில் போடச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். ஆகவே சம்பந்தி அவர்களே, மேலே உள்ளது எதையும் தாங்கள் படிக்க வேண்டிய அவசியமில்லை.