கறுப்புச் சுவரொட்டியும் குகனின் வெளியீட்டு விழாவும்

புதுக் கமரா வரப்போகிறது என்று கேள்விப்பட்டால் எனக்குச் சோறு இறங்காது. கம்பனிக்காரர்களும் லேசுப்பட்டவர்களா? விளம்பரத்தில், கும்மிருட்டில் கமராவின் ஒரு ஓரத்தை மட்டும் காட்டுவார்கள். ஒரு திகதி போடுவார்கள். விலையைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார்கள். நாங்கள் ஏங்கி ஏங்கி, கடைசியில் கேட்ட விலையைக் கொடுத்து வாங்குவோம். அடுத்த பொங்கலுக்குள் அதே கமராவுக்கு விலைக்கழிவு! (என்னுடையதும் அப்படி வாங்கியதுதான். வயிறு இன்னும் எரிகிறது.)

சுன்னாகத்தில் நானும் கணவர் குகனும் வீட்டின் முன்னறையில் ஸ்டூடியோ தொடங்கிய புதிது. ஆவணிக் கலியாணங்கள் எல்லாம் எதிர்ப்பக்க ஸ்டூடியோவுக்கே போய்க்கொண்டிருந்தன. ஒன்றாவது கிடைக்காவிட்டால் நாங்கள் பூட்ட வேண்டியதுதான். கமராக்காரர்களின் வித்தையையே எடுத்து விடுவோம் என்று இறங்கினேன்.

கறுப்புப் பின்னணி. நடுவில், பாதி வெளிச்சத்தில் குகனின் முகம். கீழே 'ஞாயிறு காலை பத்து மணி', எங்கள் வீட்டு முகவரி. வேறொரு சொல் கிடையாது. சந்தையைச் சுற்றி ஒரு மதில் விடாமல் ஒட்டினேன். ஆவல் கூடட்டும் என்று எங்கள் கைபேசிகளையும் நிறுத்தி வைத்தேன். (அவ்வளவு கெட்டிக்காரி!)

எங்கள் ஊர் மதிலில் கறுப்பாக ஒரு முகமும், நேரமும், வீட்டு முகவரியும் இருந்தால் அது மரண அறிவித்தல் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியவில்லை.

ஞாயிறு காலை வாசலில் ஒரே இரைச்சல். "இஞ்சேருங்கோ, சனம் அள்ளுப்படுகுது! கெதியா வாங்கோ!" என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்தேன். ஆண்கள் எல்லாம் வெள்ளை வேட்டி. ட்ராக்டரிலிருந்து வாடகைக் கதிரைகள் இறங்கிக்கொண்டிருந்தன. கொழும்புத்துறையிலிருந்து வந்த குகனின் சின்னம்மா, "என்ரை ராசா, எங்களை விட்டிட்டுப் போட்டியேடா!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குழறினார்.

குகன் வாயில் பற்பசை நுரையோடு வெளியே வந்தார். "ஆர் சின்னம்மா செத்தது?"

"நீதானடா!"

நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. திக்கித் திக்கி விஷயத்தைச் சொன்னேன். சின்னம்மாதான் முதலில் சிரித்தார். அழுத கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். வட்டுக்கோட்டைப் பெரியப்பா கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். "இவ்வளவு தூரம் வந்திட்டுச் சும்மா போறதே? ஆவணியிலை என்ரை மகளின்ரை கலியாணம். எவ்வளவெண்டு சொல்லு பிள்ளை."

முதலில் உயர்த்திச் சொல்லி, ஏங்க விட்டு, பிறகு குறைப்பதுதான் திட்டம். நடுக்கத்தில் குறைத்த விலையையே சொல்லித் தொலைத்தேன்.

"அவ்வளவுதானே?" என்றார் பெரியப்பா. பக்கத்துக் கதிரைக்காரரும் தன் மகனின் திகதியைச் சொன்னார். அவருக்குப் பின்னால் இன்னொருவர்.

எதிர்ப்பக்க ஸ்டூடியோக்காரரும் வந்திருந்தார். மரியாதைக்குக் கடையைப் பூட்டிவிட்டு, மலர்வளையத்தோடு முன்வரிசையில் இருந்தார் மனிதர். தன் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராய் என்னிடம் நாள் குறிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழும்பினார்.

"தங்கச்சி, அப்ப இந்த வளையத்தை என்ரை கடை வாசலிலை வைக்கிறன்."

ஆவணி முழுக்க எங்களுக்கே! எந்தக் கமராக் கம்பனிக்கும் இப்படியொரு வெளியீட்டு விழா வாய்த்திருக்காது, எழுதித் தருகிறேன்.

குகன்தான் பாவம். இன்றைக்கும் சொந்தக்காரர் யார் தொலைபேசியில் அழைத்தாலும் அவர் 'ஹலோ' சொல்வதில்லை. "ஓம், இருக்கிறன்" என்றுதான் தொடங்குவார்.