ஓடாத தண்ணீரும் உட்கார்ந்திருந்த பவளமும்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. கரடிக்கு ஒரு குகை, குகைக்குள் ஒரு ஹால், ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி. தொட்டிக்குள் கடல். காட்டுக்குள் கடல் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். எதிர்க்குகை யானை ஏசி வாங்கிவிட்டது. அதனால் கரடி கடல் வாங்கியது. அவ்வளவுதான்.

அந்தத் தொட்டியின் நடுப்பாறையில் ஒரு பவளம் குடியிருந்தது. மோதிரத்தில் பதிக்கிற பவளம் இல்லை. உயிரும் வாயும் பசியும் உள்ள பவளம். நல்ல இளஞ்சிவப்பு. எல்லோரும் அதைப் பவளக்கா என்று கூப்பிட்டார்கள். பவளக்காவுக்குக் கால் கிடையாது. பிறந்த பாறையை விட்டு ஒரு விரற்கடைகூட நகர முடியாது.

ஆனால் கவலையும் கிடையாது. ஏனென்றால் தொட்டியின் மூலையில் ஒரு அலை மோட்டார் இருந்தது. 'உர்ர்ர்' என்று அது தண்ணீரைத் தள்ளும். கரடி செல்போனைப் பார்த்தபடியே மேலே தூவுகிற தீனிப்பொடியை அந்தத் தண்ணீர் கொண்டுவந்து பவளக்காவுக்கு ஊட்டிவிடும். போகிற போக்கில் மேலே படிந்த அழுக்கைத் துடைத்துவிடும். மேல்மட்டத்தைக் கலக்கிக் காற்றை உள்ளே இழுத்துவந்து எல்லோருக்கும் மூச்சுக் கொடுக்கும். சமையல், துப்புரவு, ஆஸ்பத்திரி மூன்றும் அந்த ஒரே மோட்டார்தான். மற்றவர்கள் அதைச் சத்தம் என்று மட்டும் நினைத்திருந்தார்கள்.

அந்தத் தொட்டிக்கு ஒரு குடியிருப்போர் நலச்சங்கம் உண்டு. செயலாளர் ஒரு துறவி நண்டு. காலிச் சங்கு கண்ணில் பட்டால் உள்ளே புகுந்து குடியேறிவிடுகிற ஜாதி. பெயரில்தான் துறவி, மேடை என்றால் உயிர்.

ஒருநாள் துறவி நண்டு கூழாங்கல் மேல் ஏறி நின்றது.

"அன்பார்ந்த தொட்டிவாழ் பெருமக்களே! ஆண்டாண்டு காலமாக..."

'உர்ர்ர்!'

நண்டு உருண்டு விழுந்து காலெல்லாம் மேலே தூக்கிக் கிடந்தது. நீலக்குட்டி மீன்கள் கூட்டமாகச் சிரித்தன.

"ஒரு நண்டு நிம்மதியா நாலு வார்த்தை பேச முடியுதா இந்த ஊர்ல? மோட்டாரை நிறுத்தணும்! அமைதி வேணும்! ஆதரிக்கறவங்க துடுப்பைத் தூக்குங்க!"

துடுப்பு இருந்தவர்கள் எல்லோரும் தூக்கினார்கள். பவளக்காவுக்குத் துடுப்பும் இல்லை.

"செயலாளர் தம்பி, தண்ணி ஓடலைன்னா எனக்குச் சோறு எப்படி வரும்?"

"டோர் டெலிவரிக்கா. கோமாளி மீன் பொறுப்பு எடுத்துக்கிட்டான்."

"மேல விழற அழுக்கு?"

"அழுக்குக்குத் துணைக்குழு போட்டாச்சு."

"மூச்சு?"

"மூச்சு அவரவர் சொந்தப் பொறுப்பு."

சொல்லிவிட்டு நண்டு போய் மோட்டாரின் வாயில் கைகொள்ளும் மட்டும் பாசியை அடைத்தது. 'உர்ர்... ர்... ர்' என்று மோட்டார் அடங்கியது. தண்ணீர் நின்றது.

ஆகா, என்ன அமைதி! நண்டு முதல் தடவையாக ஒரு பேச்சை முடித்தது. நீளமான பேச்சு. கேட்டவர்களுக்கு அப்போதே லேசாக மூச்சு முட்டியது. பேச்சினால்தான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பேச்சினால் இல்லை. ஆறிப்போன பாலில் ஆடை கட்டுவது மாதிரி தண்ணீரின் மேல் ஒரு படலம் கட்டிவிட்டது. காற்று உள்ளே வரவில்லை. மீன்கள் எல்லாம் மேலே போய் வாயைப் பிளந்தன. இடிபாடு, தள்ளுமுள்ளு. சங்கம் உடனே நடவடிக்கை எடுத்தது. நண்டு ரயில் நிலைய அறிவிப்புக் குரலில் சொன்னது:

"மூச்சு வாங்க வந்திருப்போரின் கனிவான கவனத்திற்கு. தயவுசெய்து வரிசையில் வரவும். ஒரு டோக்கனுக்கு ஒரு மூச்சு. பெருமூச்சுக்குத் தனி டோக்கன். கொட்டாவி விட அனுமதி இல்லை."

கீழே பவளக்கா பசியில் கிடந்தாள். கோமாளி மீன் வெறும் வாயோடு வந்து நின்றது.

"எங்கடா என் சாப்பாடு?"

"வர்ற வழியில ஊறிப்போச்சுக்கா. ஊறினதைக் கஸ்டமருக்குக் கொடுக்கறது நம்ம வழக்கம் இல்ல. அதான் நானே சாப்பிட்டுட்டேன். அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க."

அழுக்கு அடுக்கடுக்காக இறங்கிப் போர்வை மாதிரி மூடியது. பவளக்காவின் இளஞ்சிவப்பு வெளுக்க ஆரம்பித்தது. முழுக்க வெளுத்துவிட்டால் பவளம் பிழைக்காது. அது பவளக்காவுக்கு நன்றாகவே தெரியும். அழுக்குத் துணைக்குழு நேரில் வந்து பார்த்தது.

"வெள்ளையடிச்ச மாதிரி லட்சணமா இருக்கீங்கக்கா," என்று சொல்லிவிட்டுப் போனது.

பவளக்காவுக்கு எரிச்சலான எரிச்சல். கோமாளி மீனிடம் முனகினாள்: "பெரிய செயலாளராம். அவன் உட்கார்ந்திருக்கற சங்கே அவனோடது இல்ல. முன்னாடி அதுல ஒரு நத்தை இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லாதே."

ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் இதுவரை யாரும் அதை ரகசியமாகச் சொன்னதில்லை.

கோமாளி மீனின் கண் இரண்டும் வெளியே வந்தன. "சற்றுமுன் கிடைத்த தகவல்!" என்று கத்திக்கொண்டு வலது மூலைக்குப் பறந்தது. அதன் பின்னால் நீலக்குட்டி மீன்கள் மொத்தமும் "என்னவாம்? என்னவாம்?" என்று பாய்ந்தன. இத்தனை வால்கள் ஒரே பக்கமாக அடித்ததில் தொட்டிக்குள் ஒரு அலை கிளம்பியது. பவளக்காவின் இடது பக்கத்து அழுக்கு பொலபொலவென்று பறந்தது. கரடி தூவிய தீனியிலிருந்து ஒரு இறால் துணுக்கு வாய்க்குள் தானாக வந்து விழுந்தது.

பவளக்கா அதை மென்றுகொண்டே யோசித்தாள்.

இடது பக்கம் சுத்தம். வலது பக்கம் இன்னும் அழுக்கு. நின்றுபோன மோட்டாரைக் கரடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றித் தள்ளும்படி வைத்திருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

கோமாளி மீனை மறுபடி கூப்பிட்டாள். "டேய், நான் சொன்னது தப்பாம்டா. சங்கு அவரோடதுதானாம்."

"சற்றுமுன் வந்த மறுப்பு!"

மொத்தக் கூட்டமும் வலதிலிருந்து இடதுக்குப் பாய்ந்தது. வலது பக்கமும் பளிச்சென்று ஆனது. இன்னொரு இறால் துணுக்கு வந்தது.

அதிலிருந்து காலையில் ஒரு தகவல், மாலையில் ஒரு மறுப்பு. கரடி வீட்டுக்குச் சுறா குடிவரப் போகிறதாம். இல்லையாம், வருவது வெறும் சுறாப்புட்டாம். தொட்டிக்கு அடியில் ஓட்டையாம். ஓட்டை இல்லையாம், அது ஜன்னலாம். மீன்கள் அங்கும் இங்கும் ஓடின, அதிர்ச்சியில் துள்ளின. துள்ளியதில் மேலே கட்டியிருந்த ஆடை கிழிந்து காற்று உள்ளே வந்தது. டோக்கன் வாங்க ஆள் இல்லை. நண்டு மட்டும் "ஆதாரம் இருக்கா? ஆதாரம் இருக்கா?" என்று எல்லாக் கால்களாலும் மணலில் ஓடி ஓடி, எந்த அலையும் போகாத மூலைமுடுக்கில் தேங்கிக் கிடந்த குப்பையையும் கிளறிவிட்டது. பவளக்கா முன்னைவிட அழகாகச் சிவந்தாள்.

கடைசியில் நண்டு மூச்சிரைக்க வந்து நின்றது.

"அக்கா, தோத்துட்டேன். என் பேச்சை ஒரு ஆள் கேக்கறதில்ல, எல்லாரும் செய்தி கேக்கறாங்க. பாசியை எடுத்துடறேன். மோட்டார் ஓடட்டும். அந்தச் சத்தத்துல யார் சொல்றதும் யாருக்கும் கேக்காது. நீங்கதானே அன்னிக்கே தண்ணி ஓடணும்னீங்க? நீங்க சொன்னதுதான் சரி."

பவளக்கா கணக்குப் போட்டாள். மோட்டார் ஓடினால் சோறு வரும், சுத்தம் வரும், மூச்சு வரும். இப்போதும் அதெல்லாம் வருகிறது. கூடவே பொழுதும் போகிறது.

"வேணாம் தம்பி," என்றாள் மெல்லிய குரலில். "அமைதிதான் முக்கியம்."

அந்த நேரம் பார்த்துக் கரடி செல்போனிலிருந்து தலையைத் தூக்கியது. துறுதுறு மீன்கள், கண்ணாடி மாதிரித் தண்ணீர், ரோஜா மாதிரிப் பவளம். மோட்டாரோ ஓடவே இல்லை. கரடி டிவி சாமியார் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு, "இயற்கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்," என்றது. பிறகு மோட்டாரின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் செல்போன் சார்ஜரைச் செருகியது.

பவளக்கா கோமாளி மீனைப் பக்கத்தில் அழைத்தாள். "யார்கிட்டயும் சொல்லாதே..."

நீதி: தண்ணீரை ஓடவிடுங்கள், முடியாவிட்டால் வதந்தியை விடுங்கள். மறக்காமல் மறுப்பும் விடுங்கள், அப்போதுதான் இரண்டு பக்கமும் சுத்தமாகும்.