லுசாகாவிலிருந்து நாலு மணி நேரம்

திங்கட்கிழமை காலை பீரோவைக் கலைத்துப்போட்டு மகன் சரணின் பாஸ்போர்ட் நகலைத் தேடிக்கொண்டிருந்தபோது மனைவி நாகவல்லி உள்ளே வந்துவிட்டாள். செங்கல்வராயன் வாயில் வந்ததைச் சொன்னார்: பையன் லீவில் வருகிறான்.

பையன் வருவது நிஜம்தான். ஆப்பிரிக்காவில், லுசாகாவில் வெல்டர் வேலைக்குப் போனவன், லாரி மோதி இறந்து இரண்டு நாளாகிறது. உடல்தான் வருகிறது. நாகவல்லிக்கு சர்க்கரை, பிரஷர் எல்லாம் உண்டு. கேட்டால் தாங்க மாட்டாள் என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். அவர் மட்டும் தாங்கினாரா என்றால், பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் தாங்கினார்.

"எப்ப வந்து சேருவான்?"

லுசாகாவிலிருந்து அடிஸ் அபாபா மூவாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரம். அங்கே மாறினால் சென்னைக்கு ஆறு மணி நேரம் என்று செல்போனைப் பார்த்து ஒப்பித்தார். நாளைக்கே வந்துவிடுவான் என்றும் சேர்த்துக்கொண்டார். அதைச் சேர்த்திருக்கக் கூடாது.

மறுநாள் உடலை அனுப்பத் தூதரகக் கையெழுத்து வரவில்லை. பிளேன் ரத்தாகிவிட்டது, நைரோபி வழியாக வருகிறான் என்றார். புதன்கிழமை ஏதோ ஒரு முத்திரை பாக்கி. ஜோகன்னஸ்பர்க் வழியாக என்றார். நாகவல்லி செல்போனை வாங்கி மேப்பைப் பார்த்தாள்.

"இன்னாய்யா, இது தெக்கால இல்ல போவுது? காட்டுப்பாக்கத்துலேர்ந்து பூந்தமல்லி போறதுக்கு யாராச்சும் தாம்பரம் போவாங்களா?"

"டிக்கெட் அப்டிதான் கெட்ச்சிது. ஏரோபிளேனு இன்னா ஷேர் ஆட்டோவா, கையக் காட்னா நிக்க?"

சரி என்று செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள். சோறு போட்டாள். அவருடைய மாத்திரையை எடுத்துக் கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். நம்பிவிட்டாள் என்று தெரிந்ததும் அவருக்கு அழுகைதான் வந்தது. முப்பது வருஷம் அம்பத்தூரில் லேத் முன்னால் நின்று நூல் பிசகாமல் அளந்த மனுஷன், மூன்றே நாளில் ஆப்பிரிக்காவை இழுத்து நீட்டியிருந்தார்.

வியாழக்கிழமை போன் வந்தது. நாளை காலை பத்து மணிக்கு ஏர்போர்ட் சரக்குப் பிரிவில் வந்து வாங்கிக்கொள்ளலாம். இனி நீட்டுவதற்கு ஊர் இல்லை. இன்று அவளிடம் சொல்லியே ஆக வேண்டும். அதற்கு முன் ஆக வேண்டியதைப் பார்ப்போம் என்று டீக்கடை ஓரமாக நின்று, ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடும் துலுக்கானத்தைக் கூப்பிட்டார். தகப்பன் என்று சொல்ல நா எழவில்லை. தெருப் பெயரையும் பையன் பெயரையும் மட்டும் சொன்னார்.

"அந்த ஊட்டுக்கா? அந்தம்மா திங்கக்கெயமையே சொல்ட்டாங்க சார். மொதல்லயே அவங்களுக்கு போன் வந்துச்சாம். ஊட்டுக்காரரு ஹார்ட் ஆபரேசன் பண்ண ஒடம்பு, அவருக்கு இன்னும் தெரியாது, சத்தம் போடாம பொட்டிய எடுத்துனு வான்னாங்க. நீங்களும் அவராண்ட சொல்லிடாதீங்க சார்."