முட்டை இயந்திரத்தின் பாகமன்று

குடாநாட்டில் குஞ்சு பொரிக்கும் மெசின் வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் தொழில்நுட்ப உதவி செய்வதற்காக முகநூலில் ஒரு குழுமம் இருக்கிறது. உறுப்பினர் நானூற்றுப் பன்னிரண்டு பேர். நானும் ஒருவன். பத்து வருடமாக மெசின் ஓட்டுகிறேன். அந்தப் பெட்டிக்கு வரக்கூடிய வருத்தம் எல்லாம் எனக்குத் தெரியும். கோழிக்கே அவ்வளவு தெரியாது.

குழுமத்தில் ஒரேயொரு குறை இருந்தது. யாராவது "மெசின்ரை வெக்கை பல்ப் நூருதில்லை, எரிஞ்சபடியே இருக்கு, என்ன செய்ய?" என்று கேட்டால், முதல் பதில் "நீங்கள் எந்த இடம்?" என்று வரும். நெல்லியடி என்றால், "நெல்லியடியிலை எங்கை? ஆரின்ரை பிள்ளை?" என்று வரும். கொஞ்ச நேரத்தில், கேட்டவருடைய மாமியும் பதில் சொன்னவருடைய மச்சாளும் ஒரே வகுப்பில் படித்தது வெளிவரும். மச்சாளின் மகன் கனடாவில் வாங்கிய வீட்டின் படம் வரும். நூறு பேர் அந்த வீட்டைப் பாராட்டுவார்கள். பல்ப் தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும்.

இந்த ஒழுங்கீனத்தைச் சீர்செய்யும் பொருட்டு, ஓய்வுபெற்ற பிரதம லிகிதர் செல்வரட்ணம் அவர்களை ஏகமனதாக நிர்வாகி ஆக்கினோம். ஒரு அரசாங்கக் கந்தோரில் இருந்து முப்பத்திரண்டு வருடம் கடிதங்களைத் திருப்பி அனுப்பிய அனுபவம் அவருக்கு உண்டு. அவரிடம் மெசின் இல்லை, கோழியும் இல்லை. ஆகவே பக்கச்சார்பு இருக்காது என்று மகிழ்ந்தோம்.

முதலாம் சுற்றறிக்கை அன்றே வந்தது. "இக்குழுமத்தின் தலைப்பு இயந்திரம் ஆகும். இயந்திரம் அல்லாதவை நீக்கப்படும்."

குருநகர் சந்தியோகு பணிவாகக் கேட்டார். "அண்ணை, முட்டையைப் பற்றிக் கேக்கலாமோ?"

"முட்டை மெசினோடை பூட்டி வருதோ?"

"இல்லை அண்ணை, கோழியிட்டை இருந்து வருது."

"அப்ப கோழிக் குழுமத்திலை கேளும். முட்டை இயந்திரத்தின் பாகமன்று."

இரண்டாம் சுற்றறிக்கை "எந்த இடம்", "ஆரின்ரை பிள்ளை" ஆகிய வினாக்களைத் தடைசெய்தது. பெயரைப் பார்த்தே சிலர் ஊரைப் பிடித்துவிடுகிறார்கள் என்று முறைப்பாடு வந்தபடியால், மூன்றாம் சுற்றறிக்கை பெயர்களையும் எடுத்துவிட்டது. கேள்வியோ பதிலோ முதலில் செல்வரட்ணத்திடம் போய், உறுப்பினர் இலக்கத்துடன் மட்டும் வெளியே வரும்.

அதற்குப் பிறகு குழுமம் கோவில் மாதிரி அமைதியாகிவிட்டது. ஏழாம் நாள் அவர் அறிக்கை விட்டார்: "கடந்த ஒரு வாரத்தில் தலைப்புக்குப் புறம்பான பதிவு ஒன்றுகூட இல்லை." உண்மைதான். பதிவே இல்லை. எல்லோரும் கைதட்டும் படம் போட்டோம்.

நாங்கள் உதவும் மனம் இல்லாதவர்கள் என்று யாரும் நினைக்கக்கூடாது. ஆனால் ஆரென்று தெரியாத ஆளுக்கு எப்படி வழி சொல்வது? எங்களோடு காணிப் பிரச்சினையில் கதை பேச்சு இல்லாத குடும்பமாக இருந்தால்? அவர்களுடைய முட்டையும் எங்கள் புத்தியால் பொரித்துவிடுமே.

இந்த நிலைமையில், செவ்வாய்க்கிழமை காலை, உறுப்பினர் 217 இடமிருந்து ஒரு கேள்வி வந்தது.

"முட்டை வைச்சு இண்டைக்குப் பதினெட்டாம் நாள். நேற்றுத் தட்டிலை தண்ணி கூட விட்டனான். அதுக்குப் பிறகு பல்ப் நூருதில்லை. மெசின் முப்பத்தைஞ்சு பாகை காட்டுது, தேமாமீற்றர் முப்பத்தொன்பதரை காட்டுது. உள்ளை தொண்ணூத்தாறு முட்டை. கடை வேலையை விட்டிட்டு இதிலை இறங்கினனான். கையாலை சுவிச்சைப் போட்டுப் போட்டு நூத்துக்கொண்டு கதிரையிலை இருக்கிறன். ஆராவது சொல்லுங்கோ."

எனக்கு வாசித்தவுடனே விளங்கிவிட்டது. வெக்கை அளக்கிற வயரின் நுனி தண்ணீர்த் தட்டுக்குள் விழுந்து கிடக்கிறது. தண்ணீரின் குளிரை அளந்துவிட்டு, மெசின் இன்னும் எரி, இன்னும் எரி என்கிறது. நுனியைத் தூக்கி முட்டைப் பக்கம் விட்டால் சரி. அரை நிமிச வேலை. எழுதினேன். 217 ஆராக இருக்கும் என்று யோசித்தேன். அழித்துவிட்டேன்.

கேள்வியின் கீழே செல்வரட்ணத்தின் குறிப்பு இருந்தது. "முட்டை எனும் சொல் இரு இடங்களில் வருகிறது. கடை வேலை தலைப்புக்குப் புறம்பானது. திருத்தி மீளச் சமர்ப்பிக்கவும்."

புதன்கிழமை 217 திருத்தி அனுப்பியது. "மெசினுக்குள்ளை ஒரு பொருள் வைச்சிருக்கிறன். அது அவியுது."

"என்ன பொருள்?" என்று நிர்வாகி கேட்டார்.

"சொல்லேலாது. சொன்னா அழிப்பியள்."

"பொருளைக் குறிப்பிடாத கேள்வி முழுமையற்றது."

"குறிப்பிட்டா?"

"தலைப்புக்குப் புறம்பானது."

"அப்ப நான் என்ன செய்ய?"

"அது பொதுக் கேள்வி. படிவம் ஆறில் விண்ணப்பிக்கவும்."

நிர்வாகம் என்றால் இதுதான் என்று பலர் பாராட்டினார்கள். நானும் கட்டைவிரல் போட்டேன்.

வியாழன் மத்தியானம் 217 வேறொன்று அனுப்பியது.

"மரண அறிவித்தல். மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும் வெக்கைப் பெட்டியை வதிவிடமாகவும் கொண்ட தொண்ணூற்றாறு முட்டைகள் இன்று மாலை இறைவனடி சேரவுள்ளன. அன்னார், நெல்லியடி மார்க்கண்டுவின் மகளும் மயிலிட்டி டிலக்ஷனின் மனைவியுமாகிய கீர்த்திகாவின் பாசமிகு வளர்ப்புகளாவர். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

செல்வரட்ணம் எதையும் தடுக்கக்கூடிய மனிதர். ஆனால் மரண அறிவித்தலைத் தடுத்துவிட்டு இந்தக் குடாநாட்டில் ஒருவர் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அப்படியே வெளியிட்டார், அதன் கீழே வந்த பதில்களையும் மறிக்கவில்லை.

மூன்று நிமிடத்தில் இருநூறு பேர் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார்கள். செல்வரட்ணமும் தெரிவித்தார். அதற்குப் பின்னால்தான் ஆட்கள் மேலே போய்ப் பெயர்களை வாசித்தார்கள். "உது எங்கடை மார்க்கண்டற்றை பிள்ளையெல்லே?" "டிலக்ஷன் எனக்கு மச்சான் முறை." உடனே பதில்கள் கொட்டின. "பிள்ளை, வயர் நுனி தண்ணிக்குள்ளை. தூக்கி விடு." எண்ணிப் பார்த்தேன். அறுபத்திரண்டு பேர் அதே பதிலைச் சொல்லியிருந்தார்கள். அதில் ஒருவன் நான். மார்க்கண்டு என்னுடைய கூடப்பிறந்த அண்ணை. கீர்த்திகா கலியாணம் முடித்து மயிலிட்டிக்குப் போனபிறகு நாங்கள் கதைத்தது குறைவு, அவள் மெசின் வாங்கியதும் எனக்குத் தெரியாது.

முப்பத்தொரு குஞ்சு தப்பியது. சனிக்கிழமை கீர்த்திகா எனக்குப் போன் எடுத்தாள்.

"சித்தப்பா, உங்களுக்கு எப்ப தெரியும்?"

"செவ்வாய்க்கிழமையே தெரியும் பிள்ளை."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீயெண்டு தெரியாதே அம்மா. தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பன்."

போனில் அவளுக்குப் பின்னால் குஞ்சுகள் கத்துவது கேட்டது.

"அது நானில்லாட்டி, சித்தப்பா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெயில் கூட, வெளியிலை போகாதை என்று ஏதோ சொல்லிப் போனை வைத்தேன்.

அன்று பின்னேரம் உறுப்பினர் 301 ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். மெசினுக்குள் காற்றாடி சுற்றவில்லையாம், உள்ளே நூற்றிருபது இருக்கிறதாம், அவசரமாம். அதற்கும் வழி எனக்குத் தெரியும், சின்ன வேலை. மூன்று நாளாக நாலு பேருக்குப் போன் எடுத்து விசாரித்துக்கொண்டிருக்கிறேன், 301 எந்தப் பக்கத்து ஆள் என்று.